இஸ்திரி போட்ட துப்பாக்கி

ஏன்க்கா, உங்க பொண்ணு எந்த வரிசையில நிக்குது?

ரெண்டாவது வரிசையா? கடைசியில, தொப்பியை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கிட்டு நிக்குதே, அதுவா? நல்ல உயரம். உங்க ஜாடை அப்படியே இருக்கு. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன். இனியா, வா இந்தப் பக்கம், அக்கா புடவையை மிதிக்காதே. இதான் என் பொண்ணு. இன்னும் பள்ளிக்கூடத்துலயே சேர்க்கல. பேரேடுல எனக்கு யாருமில்ல. நான் துப்பாக்கியைப் பார்க்க வந்தேன்.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். சீஃப் கெஸ்ட் வர இன்னும் நேரம் இருக்கு. மைக்குல 'ஹலோ, ஹலோ'ன்னு ஊதிக்கிட்டே இருக்காங்க பாருங்க, அது நின்னாத்தான் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் கேளுங்க.

கொடிமரத்துக்குப் பக்கத்துல காக்கிச் சட்டையில விறைப்பா நிக்கிறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். ஜெயவேல். பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்ற வேலை. ரிட்டயர் ஆகி வந்து இந்த ஸ்கூல்ல வாட்ச்மேன் வேலையும் டிரில் சொல்லிக் குடுக்கிற வேலையும் பார்க்கிறார். அதோ, தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியுதே, அதுதான் எங்களுக்குக் குடுத்த வீடு. அவருக்குப் பக்கத்துல, தொப்பியில சிவப்புக் குஞ்சம் வச்சுக்கிட்டு நிக்குதே, அது ரோஸ்லின் மிஸ். என்சிசி மிஸ். உங்க பொண்ணு சொல்லியிருக்கும். பாருங்க, எவ்வளவு பக்கத்துல நிக்குதுன்னு. இவ்வளவு பெரிய கிரவுண்டுல வேற எடமே இல்லையா?

எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாதுக்கா. எங்கம்மா வீட்டுல வந்து கேட்டுப் பாருங்க, கோதை மாதிரி ஒரு பொண்ணு உண்டாம்பாங்க. என் தங்கச்சிக்கு என்னைவிட நல்ல பட்டு எடுத்தப்பகூட நான் வாயைத் திறக்கல. அரக்குக் கலர், அகலமான ஜரிகை, ஜரிகைக்குள்ள மயில், முந்தானையில மயிலுக்கு ஜோடி மயில். நான் ஏதாவது சொன்னேனா? சொல்லலையே.

ஆனா எதுக்கும் ஒரு அளவு இருக்கில்ல?

கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு அவர் லீவு புருஷன்தான். வருவார், மாமியார் வீட்டுக் கூரையை மாத்துவார், மோட்டாரைக் கழட்டி மாட்டுவார், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவார். போன்ல 'சாப்பிட்டியா'ன்னு கேப்பார். 'சாப்பிட்டேன், நீங்க'ன்னு கேக்கிறதுக்குள்ள சிக்னல் போயிடும். ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் புருஷனோட சண்டை போட்டுட்டுக் கிணத்தடியில வந்து மூக்கைச் சிந்துவாங்க. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். சண்டை போடக்கூட ஆள் வேணும்ல!

அப்புறம் ஒருவழியா வந்தார். இனிமே போகமாட்டார்னு நான் சந்தோஷத்துல காலையில கேசரி, சாயந்திரம் போண்டான்னு செஞ்சு போட்டேன். வந்த மனுஷன் வாயைத் திறக்கணுமே! பருப்பு டப்பாவை எல்லாம் உயரவாரியா அடுக்கினார். இனியாவோட செருப்பை வாசல்ல ஒரே கோட்டுல வச்சார். மத்தபடி கையை மடியில வச்சுக்கிட்டு எதிர்ச் சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பார். 'என்னங்க'ன்னா 'ஒண்ணுமில்ல'ம்பார். ராத்திரி தூக்கமும் கிடையாது. சரி, இத்தனை வருஷம் அந்தக் கூட்டத்துல இருந்தவர், கொஞ்சம் நாள் ஆகும்னு நான் விட்டுட்டேன்.

அப்பத்தான் இந்தத் துப்பாக்கிங்க வந்து சேர்ந்துச்சு.

வந்ததுன்னா வெளியில இருந்து வரல. எங்க வீட்டை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம், பல வருஷமாப் பூட்டியே கிடந்தது. ரோஸ்லின் மிஸ் இந்த ஸ்கூலுக்கு வந்து, நின்னுபோன என்சிசியைத் திரும்ப ஆரம்பிச்சு, அந்த ரூமைத் திறக்க வச்சது. உள்ள பார்த்தா கோணிப்பைக்குள்ள துப்பாக்கி. ஏதோ பெரிய சண்டைக் காலத்துல பட்டாளம் வச்சிருந்ததாம். பட்டாளத்துக்குப் புதுசு வந்ததும், இதுங்களோட குழாயில ஓட்டை போட்டு, சுட முடியாதபடி பண்ணி, பிள்ளைங்க டிரில் பண்ணக் குடுத்துட்டாங்களாம். கூரை ஒழுகி, எல்லாம் துருப்பிடிச்சு, நான் முதல்ல பார்த்தப்ப மழையில நனைஞ்ச விறகுக்கட்டைன்னுதான் நினைச்சேன். ஒண்ணுக்குள்ள சுண்டெலி குடும்பமே நடத்தியிருக்கு.

கரஸ்பாண்டன்ட் வந்து பார்த்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டார். "இதை எல்லாம் திருப்பி அனுப்பிடுங்க மிஸ். பொண்ணுங்க மூங்கில் கழியை வச்சுக்கிட்டு டிரில் பண்ணட்டும்"னு சொன்னார். மிஸ் விடல. பட்டாலியன் ஆபீஸ்ல கேட்டு, சுதந்திர தினத்துக்குள்ள சரி பண்ணிட்டா வச்சுக்கலாம், இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்தது. வந்து நேரா எங்க வாசல்ல நின்னு, "உஸ்தாத், உங்களால முடியுமா?"ன்னு கேட்டது.

உஸ்தாத்தாம்! பட்டாளத்துல சொல்லிக் குடுக்கிறவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். ஏன், அண்ணான்னு கூப்பிட்டா வாய் சுளுக்கிக்குமா?

இவர் எழுந்து ஒரு துப்பாக்கியைக் கையில வாங்கினார். துருவை நகத்தால சுரண்டினார். கட்டையை முகர்ந்து பார்த்தார். அப்புறம் சிரிச்சார் பாருங்க. நான் கேசரி போட்டும் வராத சிரிப்பு, போண்டா போட்டும் வராத சிரிப்பு, அந்தத் துருவைப் பார்த்து வந்துச்சு!

அன்னைக்குப் பிடிச்சது சனி. காலையில கொடிக்கம்பத்துல வேலை, மதியம் கேட்டுல வேலை, மத்த நேரம் முழுக்க ஸ்டோர் ரூம். "கோதை, மண்ணெண்ணெய் இருக்கா?" "கோதை, பழைய துணி இருக்கா?" "கோதை, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருக்கா?" என்னோட பேசுறதே இவ்வளவுதான். இனியா பால் பாட்டிலை விட்டு வருஷமாச்சுன்னு பாட்டில் கழுவுற பிரஷை எடுத்துத் துப்பாக்கிக் குழாயைச் சுத்தம் பண்ணப் போயிட்டார். குளிக்க வெந்நீர் போடுற அண்டாவை எடுத்துக்கிட்டுப் போய், கொதிக்கிற தண்ணியில இரும்பைப் போட்டுப் பழைய கிரீஸை எடுத்தார். இந்தப் பொண்ணு போய் எட்டிப் பார்த்துட்டு வந்து, "அம்மா, அப்பா ரசம் வைக்கிறார், ஆனா நாறுது"ன்னு சொல்லுச்சு. எனக்குக் கோவத்துலயும் சிரிப்பு வந்துருச்சு.

வேலையோட போனாப் பரவாயில்லக்கா. ஸ்கூல் விட்டதும் இந்த மிஸ் வந்துரும். சேர் போட்டு வேலை வாங்கிட்டுப் போற மிஸ் இல்ல. முழங்கை வரைக்கும் சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு, தரையில உக்காந்து, இவரோட சேர்ந்து துரு தேய்க்கும். தேய்க்கிறப்ப ரெண்டு பேரும் ஹிந்தியில பேசுவாங்க. மிஸ்ஸோட அப்பாவும் பட்டாளமாம், வடக்க வளர்ந்ததாம். நான் டீ கொண்டுபோய் வச்சா, "தேங்க்ஸ் கோதை, உக்காருங்களேன்"னு சொல்லும். நான் எதுக்கு உக்காரணும்? எனக்கு வேலை இல்லையா? டம்ளரை வச்சுட்டு வந்துருவேன். வந்து ஜன்னல் பக்கமா நின்னுக்கிட்டு அரிசி புடைப்பேன்.

அங்கதான் அதைப் பார்த்தேன்.

ஒரு துப்பாக்கி சரியானதும், ரெண்டு பேரும் எழுந்து முகத்துக்கு முகம் நிப்பாங்க. இவர் துப்பாக்கியோட கைப்பிடி மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் பின்னாடி இழுத்துத் திறப்பார். ரெண்டு பேரும் குனிஞ்சு அதுக்குள்ள பார்ப்பாங்க. தலையும் தலையும் முட்டாத குறைதான். அப்புறம் நிமிர்ந்து ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்ப்பாங்க. மிஸ் 'காலி'ன்னு சொல்லும். இவரும் 'காலி'ன்னு சொல்லுவார். அதுக்கப்புறம்தான் மிஸ் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கும். ஒவ்வொண்ணுக்கும் இந்தக் கூத்து. சுடவே சுடாத துப்பாக்கிக்குள்ள தினம் என்ன தேடுறாங்க? எங்க கல்யாணத்துல தாலி கட்டுறப்பகூட இவர் என் முகத்தை இப்படிப் பார்க்கலக்கா. ஐயரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

இது போதாதுன்னு சாவி. துப்பாக்கியில இருந்து கழட்டின அந்தக் கைப்பிடி, போல்ட்டும்பாங்க, அதை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில போட்டு இவர் பூட்டினார். பூட்டிட்டு சாவியை மிஸ் கையில குடுத்தார். மிஸ் அதைக் கழுத்துச் சங்கிலியில, சிலுவையோட சேர்த்துக் கோத்துக்கிச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! என் புருஷன் பூட்டின பெட்டி, என் வீட்டை ஒட்டி இருக்கிற ரூம், சாவி இன்னொருத்தி கழுத்துல தொங்குது. எங்க வீட்டுல அரிசி மூட்டை ரூம் சாவியை மாமியார்கிட்ட இருந்து வாங்கவே எனக்கு இனியா பிறக்க வேண்டியிருந்துச்சு.

கேட்டுட்டேன். சோறு போடுறப்பக் கேட்டேன். "அந்தச் சாவி ஏன் என்கிட்ட இருக்கக் கூடாது?"

"ரூம் சாவி என்கிட்ட இருக்கு. பெட்டிச் சாவியும் இதே வீட்டுல இருக்கக் கூடாது. ரெண்டும் ரெண்டு இடத்துல இருக்கணும். அதான் ரூல்."

"அதுதான் சுடாத துப்பாக்கியாச்சே?"

"துப்பாக்கின்னா துப்பாக்கிதான்."

"இந்த ரூலை எழுதினவனுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசிச்சார். "தெரியல, வெள்ளைக்காரன் எழுதினது"ன்னு சொல்லிட்டு மோர் கேட்டார். இந்த ஆள்கிட்ட எப்படிக்கா சண்டை போடுறது?

இந்தா, மைக் நின்னுபோச்சு. இல்ல, திரும்ப ஊதுறாங்க. கார் இன்னும் வரல.

இரும்பு வேலை அந்த ரூம்ல நடந்துச்சா, மர வேலை எங்க வாசலுக்கு வந்துச்சு. கட்டைக்கு ரூல் கிடையாதாம். துப்பாக்கியோட பின்பக்கம் தோள்ல சாய்ச்சுக்கிறதுக்கு ஒரு மரக்கட்டை இருக்கில்ல, அதெல்லாம் கழட்டி வந்துச்சு. எண்ணெய் குடிச்சுக் கறுப்பா, பிசுபிசுன்னு. சுண்ணாம்புப் பொடி தடவி வெயில்ல வச்சா உள்ள இருக்கிற பழைய எண்ணெய் வேர்வை மாதிரி வெளிய வரும். துடைக்கணும், திரும்ப வைக்கணும். அடியில இருக்கிற பித்தளைத் தகட்டை மட்டும் நான் தேய்ச்சேன், புளி போட்டு. இவர் "பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்"ன்னார். போங்க, எங்க வீட்டுக் குத்துவிளக்கு எதுல மின்னுது? தகடு அப்படிப் பளபளத்துச்சு. மிஸ் பார்த்துட்டு, "உஸ்தாத், கோதைகிட்ட எல்லாத்தையும் குடுத்துடலாமே"ன்னு சொல்லுச்சு. பெரிய மனசு மாதிரி! என் வீட்டு வாசல்ல நான் தேய்க்கிறதுக்கு அது உத்தரவு குடுக்குது.

கட்டையில எல்லாம் அங்கங்க பள்ளம். பிள்ளைங்க கீழ போட்டுப் போட்டு. சில பள்ளத்தை ஈரத்துணி வச்சு மேல சூடு காட்டினா மரம் ஊதி மேல வந்துரும்னு இவர் சொன்னார். சூடுன்னா எது? என் இஸ்திரிப் பெட்டி. ஹாஸ்டல் சிஸ்டருங்க துணிக்கு எல்லாம் நான்தானே இஸ்திரி போடுறேன். அதை அவர் கையில குடுப்பேனா? "தள்ளுங்க, நானே போடுறேன்"னு உக்காந்தேன். ஒண்ணு போட்டேன். புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு, துணியை எடுத்தா பள்ளம் பாதி இல்ல. அடடா, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா! பொங்கல் பொங்குற மாதிரி. அடுத்ததுக்குத் துணி வச்சேன், பெட்டியை அழுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூம்ல இருந்து பேச்சு வருது. முழுக்க ஹிந்தி. நடுவுல 'கோதை'. திரும்ப ஹிந்தி, திரும்ப 'கோதை'. அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. மிஸ் சுவத்துல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்குது. இவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். என்னைப் பத்தித்தானே? என்னைப் பத்தி அதுகிட்ட என்ன பேச்சு? நான் கழுத்தை நீட்டி நீட்டிக் கேக்கிறேன், ஒரு மண்ணும் புரியல. அப்பத்தான் கருகின வாசனை வந்துச்சு.

துணி காஞ்சு, கருகி, கட்டையில ஒட்டிக்கிச்சு. பெட்டியை எடுத்தா, மரத்துல கறுப்பா ஒரு மூக்கு. இஸ்திரிப் பெட்டியோட மூக்கு அப்படியே, முக்கோணமா.

இப்ப சொல்லுங்க, இது யார் தப்பு? அந்த நேரத்துல அவங்களை யார் சிரிக்கச் சொன்னது?

இவர் ஓடி வந்தார். வந்து என் கையைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், "சுட்டுக்கிச்சா, சுட்டுக்கிச்சா"ன்னு. ஊதினார். இனியாவைத் தண்ணி கொண்டு வரச் சொன்னார். அதெல்லாம் இருக்கட்டும், அப்புறம் கட்டையை எடுத்தார் பாருங்க, எடுத்து யார்கிட்ட காட்டினார்? நேரா அந்த மிஸ்கிட்டதான்!

மிஸ் விரலால தடவிப் பார்த்துச்சு. முகம் சுருங்கிப்போச்சு. இவர் "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாமா"ன்னு கேட்டார். "வேணாம் உஸ்தாத், பட்டாளம் குத்தின பழைய முத்திரை அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. தேய்ச்சா அதுவும் போயிடும். முத்திரை போனா இன்ஸ்பெக்ஷன்ல எடுத்துக்கமாட்டாங்க. இப்படியே வச்சாலும் சொல்ல முடியாது"ன்னுச்சு. வேற கட்டை கிடையாது. உபரியா இருந்த ஒண்ணைக் கரையான் முன்னாடியே தின்னுட்டுது. "ஒரு துப்பாக்கி குறைஞ்சா, கடைசியில நிக்கிற பொண்ணை எடுக்க வேண்டியதுதான்"னு மெதுவாச் சொல்லுச்சு.

அட, எதுக்குக்கா முறைக்கிறீங்க? ஆமா, உங்க பொண்ணாத்தான் இருந்திருக்கும். அதான் இப்ப நிக்குதில்ல? கேளுங்க.

அன்னைக்கு ராத்திரி நான் ஒரே பிடியா நின்னேன். "என்னைப் பத்தி என்ன சொல்லிச் சிரிச்சீங்க?" அப்புறம் சொன்னார். கல்யாணம் ஆன புதுசுல முதல் லீவுக்கு வந்தப்ப, பட்டாளத்துப் பழக்கத்துல விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, படுக்கை விரிப்பை நாலு மூலையும் இழுத்துப் பெட்டி மாதிரி மடிச்சு வச்சார், நான் அதுக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கிறப்பவே. நான் எழுந்து கத்தினேன், "நான் என்ன உங்க மூட்டை முடிச்சா?"ன்னு. அதைச் சொன்னாராம். பட்டாளத்துல அந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லியிருக்காராம். மலை மேல பனியில உக்காந்துக்கிட்டு, தூக்கம் வராதப்ப எல்லாம் யாராவது, "ஜெயவேல், அந்தப் பொண்டாட்டி கதையைச் சொல்லு"ம்பாங்களாம்.

பார்த்தீங்களா? ஊர் பேர் தெரியாத ஆளுங்ககிட்ட எல்லாம் என் மானத்தை வாங்கியிருக்கார். இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருதரம் அதைச் சொல்லிச் சிரிச்சிருப்பாரா?

மறுநாள்ல இருந்து ஸ்ட்ரைக். "என் அண்டா கிடையாது. என் துணி கிடையாது. என் வாசல் கிடையாது"ன்னுட்டேன். அவர் கட்டையை எல்லாம் மூலையில அடுக்கினார். அந்த வாரம் பரீட்சை, மிஸ்ஸும் வரல. நல்லதாப் போச்சுன்னு நான் கோழிக் குழம்பு வச்சேன். சாப்பிட்டுட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டு அந்தச் சுவத்தைப் பார்த்து உக்காந்துட்டார்.

அந்தச் சுவத்துல அப்படி என்னதான்க்கா இருக்கு? எனக்குத் தாங்கல.

மூலையில அந்தக் கருகின கட்டை என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு. போய் எடுத்தேன். பக்கத்துலயே ஆளி விதை எண்ணெய் டின் இருந்துச்சு. அதைத்தான் கட்டைக்குப் போடணும்னு தெரியும். துணியால போடக் கூடாது, வெறும் உள்ளங்கையில ஊத்தி, கை சுடுற வரைக்கும் தேய்க்கணும். தேய்ச்சேன். இனியாவைக் குளிப்பாட்ட எண்ணெய் தேய்க்கிற மாதிரிதான், அதே கை. அன்னைக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் வெயில்ல காய வச்சுத் திரும்பத் தேய்ச்சேன். அதுக்கு மறுநாளும். மெல்ல மெல்ல மரம் நிறம் மாறிச்சு. சுத்தி இருக்கிற மரம் கருஞ்சிவப்பா, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துச்சு. அந்தக் கறுப்பு போகல, ஆனா தனியா நிக்காம மரத்தோட போய்ச் சேர்ந்துக்கிச்சு. உள்ள ரேகை எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. ரேகை எப்படி ஓடுது தெரியுமா, ஒரு இடத்துல சுழிச்சுக்கிட்டு, இனியா உச்சந்தலைச் சுழி மாதிரி.

இவர் எப்ப வந்து எதிர்ல உக்காந்தார்னு எனக்குத் தெரியாது. அவரும் ஒரு கட்டையை எடுத்துத் தேய்ச்சுக்கிட்டு இருக்கார். பேசிக்கிட்டும் இருக்கார். தமிழ்ல. ராஜஸ்தான்ல மணல் காத்து அடிச்சா துப்பாக்கி எப்படி அரைச்சுக்கிட்டு நிக்கும்னு என்னமோ சொன்னார். பனியில இரும்பைத் தொட்டா விரல் ஒட்டிக்கும்னு சொன்னார். கூட வேலை செஞ்ச ஒருத்தர், பேர் என்னமோ சொன்னார், திரும்பி வரலன்னு சொன்னார். அன்னைல இருந்து தினம் பேச்சுதான். எங்கக்கா எல்லாத்தையும் கேக்கிறது? பாதி என் காதுலயே விழல. எனக்குக் கட்டை மேலதான் கண்ணு. 'ம்ம், ம்ம்'னு சொல்லிக்கிட்டே தேய்ப்பேன். ஒருநாள் "கோதை, நான் சொல்றது கேக்குதா?"ன்னு கேட்டார். "கேக்குது, அந்த எண்ணெயை இப்படித் தள்ளுங்க"ன்னேன்.

பரீட்சை முடிஞ்சு மிஸ் வந்துச்சு. அந்தக் கட்டையைப் பார்த்ததும் கைப்பையைக் கீழ போட்டுட்டு உக்காந்துருச்சு. "இதுவா? அதே கட்டையா?"

"அதேதான்"னேன்.

"நானும் கொஞ்சம் தேய்க்கட்டுமா கோதை?"

"வேற எடுத்துக்கங்க மிஸ். இது என்னுது."

எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, வாயில வந்துருச்சு. மிஸ் சிரிச்சுக்கிட்டே வேற கட்டையை எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்குத்தான் அவங்க பட்டாளத்துல ஆபீசரா சேரப் போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னாங்க. ரெண்டு தரம் போயிருக்காங்க. கண் பார்வை சரியில்லன்னு அனுப்பிட்டாங்களாம். இந்தத் துப்பாக்கியையும் அவங்களை மாதிரித் திருப்பி அனுப்பிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடாம். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் பாவம். அதுக்காக என் கட்டையைக் குடுக்க முடியுமா?

பட்டாலியன்ல இருந்து அதிகாரி வந்தார். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார். நான் ஜன்னல்ல. என்னுதுகிட்ட வந்து அந்த மூக்கு மேல கட்டைவிரலை வச்சுத் தேய்ச்சார். "இது என்ன?"ன்னார். மிஸ் விறைப்பா நின்னு சொன்னாங்க, "பழைய காயம் சார், ஆறிடுச்சு." அவர் முத்திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்ததுக்குப் போயிட்டார். சரி, அந்த ஒரு வார்த்தைக்காக மிஸ்ஸை நான் மன்னிச்சுட்டேன்.

அவர் போனதும் இவர் என்னைக் கூப்பிட்டார். "உள்ள வா." முதல்தரம் அந்த ரூமுக்குள்ள போறேன். என் கட்டையை மாட்டின துப்பாக்கியை எடுத்தார். என் எதிர்ல வந்து நின்னார். அந்தக் கைப்பிடியைப் பின்னாடி இழுத்தார். "உள்ள பாரு"ன்னார். குனிஞ்சு பார்த்தேன். அவரும் குனிஞ்சார். என் தலையும் அவர் தலையும் முட்டிக்கிச்சு. மிஸ் சிரிச்சாங்க.

"என்ன தெரியுது?"

"இருட்டா இருக்கு."

"ஏதாவது இருக்கா?"

"இல்ல. காலி."

"காலி"ன்னு அவரும் சொன்னார். சொல்லிட்டு என் கண்ணைப் பார்த்தார். "இப்படித்தான் வாங்கணும். குடுக்கிறவனும் பார்க்கணும், வாங்கிறவனும் பார்க்கணும். ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் நம்பிடக் கூடாது. சுடாததுன்னாலும் அப்படித்தான்." அப்புறம் என் கையில வச்சார். அம்மா, என்ன கனம்! கைக்குழந்தையா இருந்தப்ப இனியா இருந்த கனம்.

இவ்வளவுதானா விஷயம், இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னன்னு கேட்டேன். "நீ கேக்கவே இல்லையே"ன்னார். கேக்கலையாம்!

இப்ப எனக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்லக்கா. மனசு சுத்தம். மிஸ் பக்கத்துல நின்னா நிக்கட்டும். டிரில்னா பக்கத்துலதானே நிக்கணும். சாவி அவங்க கழுத்துல தொங்கட்டும்.

எழுந்திருங்க, கார் வந்துருச்சு. இனியா, அப்பாவைப் பாரு, கொடி ஏத்தப் போறாங்க. பொண்ணுங்க எல்லாம் என்ன நேரா நிக்குதுங்க! இப்ப 'சலாமி சஸ்த்ர'ன்னு கத்துவாங்க, எல்லாரும் துப்பாக்கியை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிப்பாங்க. அப்பத்தான் பின்பக்கக் கட்டை எல்லாம் வரிசையாத் தெரியும். என்னுது எதுன்னு நான் கண்டுபிடிச்சுடுவேன். பித்தளைத் தகடு எல்லாத்துலயும் மின்னும், ஆனா மூக்கு ஒண்ணுலதான் இருக்கு.

ஹா, தூக்கிட்டாங்க. முதல் வரிசையில இல்ல. ரெண்டாவது... இல்ல, இல்ல... இருங்க.

அக்கா. உங்க பொண்ணு கையில.

கடைசியில நிக்கிறதுன்னு தெரிஞ்சே குடுத்திருக்காங்க பாருங்க. நல்ல பொண்ணுதான், நான் இல்லன்னு சொல்லல. பேர் என்ன சொன்னீங்க? மோனிஷாவா? பிடி நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த விரலைப் பாருங்க, சரியா அந்த மூக்கு மேல வச்சு அழுத்திக்கிட்டு இருக்கு. கை வேர்த்திருக்கும். வேர்வை பட்டா எண்ணெய் மங்கிடும்க்கா. மத்த பொண்ணுங்க எல்லாம் கொஞ்சம் தள்ளித்தானே பிடிச்சிருக்காங்க? தொப்பியைத் தொடுறதுன்னா தொட்டுக்கட்டும், கட்டையை எதுக்கு அந்தத் தடவு தடவணும்?

இல்லக்கா, பொறாமை இல்ல. சொல்றேன், அவ்வளவுதான்.

இப்ப 'பாஜு சஸ்த்ர'ன்னு சொல்லுவாங்க, துப்பாக்கியைக் கீழ இறக்கித் தரையில வைக்கணும். இறக்கிறப்பத்தான் எல்லாரும் டொம்முன்னு இடிக்கிறது. ஐயோ... அப்பா. மெதுவாத்தான் வச்சுது. சரி. பரவாயில்ல. வளர்த்திருக்கீங்க.

ஒரே ஒரு உதவி பண்ணுங்கக்கா. பேரேடு முடிஞ்சதும் பிள்ளைங்க எல்லாம் ஸ்டோர் ரூமுக்குத்தான் வரும், ஒவ்வொண்ணா மிஸ்கிட்டத் திருப்பிக் குடுக்கும். உங்க பொண்ணு உங்ககிட்டத் தண்ணி குடிக்க ஓடி வரும்ல, அப்பச் சொல்லுங்க. அதை மட்டும் மிஸ் கையில குடுக்க வேணாம். ஜன்னல் பக்கமா நான் நிப்பேன். போல்ட்டைத் திறந்து, உள்ள காட்டி, நான் பார்த்து 'காலி'ன்னு சொன்னதுக்கப்புறம், என் கையில குடுக்கச் சொல்லுங்க.